கூடுதுறை



அழைப்பிதழில் என் பேச்சின் தலைப்பைப் பார்த்திருப்பீர்கள்: ‘பெண் சிசுக்களின் அரியதொரு பிறவிக்குறை’. நான் எழுதி அனுப்பிய தலைப்பு அதுவல்ல. அதில் உடலுறுப்புகளின் பெயர்கள் இருந்தன. அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் அமைப்பாளர்களில் ஒருவர் போன் செய்தார். “டாக்டரம்மா, அழைப்பிதழ் வீடுகளுக்குப் போகுமுங்க. கொஞ்சம் நாசூக்கா போட்டுக்கலாங்களா?” என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அழைப்பிதழுக்கு நாசூக்கு பொருந்தும். பேச்சிலும் அதைக் கடைப்பிடித்தால் நான் இங்கே வந்ததில் அர்த்தமில்லை. இன்று நான் சொல்ல வந்ததே அந்த நாசூக்கைப் பற்றித்தான். குழந்தைகள் அறுவை மருத்துவத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைக்கு நோய் செய்யும் கெடுதலில் ஒரு பங்கை, பார்க்கவும் பேசவும் நாம் படும் கூச்சம் செய்கிறது.

பெண் குழந்தைக்குக் கீழே மூன்று வாசல்கள். முன்னால் சிறுநீர் வரும் துவாரம், நடுவில் யோனி, பின்னால் ஆசனவாய். மூன்றுக்கும் உள்ளே மூன்று தனிப்பாதைகள். ஏறத்தாழ 50,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு குழந்தைக்கு இந்த மூன்று பாதைகளும் உள்ளேயே ஒன்றாகக் கூடி, ஒரே குழாயாகி, ஒரே துளை வழியாக வெளியே வருகின்றன. சிறுநீரும் மலமும் அந்த ஒரே துளையில். ஆண் குழந்தைக்கு இது வருவதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு ஒன்பது லட்சம் பிள்ளைகள் பிறக்கின்றன. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு இருபதுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் முப்பது ஆண்டு பிரசவ அறையிலேயே வாழ்ந்த செவிலியர்கூட ஒன்றையும் பார்க்காமல் ஓய்வு பெறலாம்.

மருத்துவப் புத்தகம் இதைக் ‘குளோயக்கா’ என்கிறது. பள்ளியில் தவளையை அறுத்துப் படித்தவர்களுக்கு அந்தச் சொல் ஞாபகம் இருக்கும். தவளைக்கும் பல்லிக்கும் கோழிக்கும் கழிவும் முட்டையும் ஒரே வாசல் வழியாகத்தான். லத்தீனில் அந்தச் சொல்லுக்குச் சாக்கடை என்று பொருள். பழைய ரோம் நகரத்தின் பெரிய கழிவுக்கால்வாய்க்கு ‘குளோயக்கா மாக்சிமா’ என்று பெயர். கேஸ் ஷீட்டில் நானும் அந்தச் சொல்லைத்தான் எழுதினேன், வேறு வழியில்லை. ஆனால் பிறந்து ஒரு நாளான குழந்தையின் தாயிடம் அதன் பொருளைச் சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் பவானிப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை வந்தது. பிறந்து மூன்றாம் நாள். கூடவே தாய், இருபது வயதுகூட நிரம்பியிருக்காது, பச்சை உடம்பு. குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தவர் அம்முச்சி, தாயைப் பெற்றவர். “வெளிக்குப் போற வழி இல்லாமப் பொறந்திருக்குதுன்னு சொன்னாங்க. ஆனா துணியில பச்சையா படியுதுங்களே, அது எப்படிங்?” என்று கேட்டார். சரியான கேள்வி. அதற்கு முன் குழந்தையைப் பார்த்த இரண்டு மருத்துவர்களும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் தாளில் படம் வரைந்தேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அப்போது தோன்றியதைச் சொன்னேன்: “உங்க ஊர்க் கூடுதுறை மாதிரிம்மா. காவிரியும் பவானியும் சேருதில்ல? அடியில அமுதநதின்னு கண்ணுக்குத் தெரியாம ஒண்ணும் சேருதுன்னு சொல்வாங்கல்ல? அது மாதிரி மூணும் ஒண்ணாச் சேர்ந்து ஓடுது. நாம அதைப் பிரிச்சு மூணு ஆறா விடணும்.” அவள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “அந்த மூணாவது எதுங்க டாக்டரம்மா?” என்றாள். கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்றாவது ஆற்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். சிறுநீர் தெரிகிறது, மலம் தெரிகிறது. யோனியையும் கருப்பையையும் பற்றி, பிறந்து மூன்று நாளான குழந்தையின் விஷயத்தில் பேசுவதே அபசகுனம் என்பது போல.

அன்றிலிருந்து நான் எல்லாத் தாய்மார்களுக்கும் கூடுதுறை என்றே சொல்லிவந்தேன். திருநெல்வேலிக்காரர்களிடம் முக்கூடல்.

இனி, இது எப்படி நேர்கிறது? கரு உருவாகி நாலாவது வாரத்தில் ஆணோ பெண்ணோ, எல்லாக் கருவுக்கும் கீழ்ப்பகுதியில் ஒரே பைதான். குடலும் சிறுநீர்ப் பாதையும் அதில்தான் வந்து முடிகின்றன. நாம் எல்லோரும் சில வாரங்கள் தவளையைப் போல இருந்தவர்கள்தான். பிறகு மேலிருந்து ஒரு தடுப்பு இறங்கி, ஏழாவது வாரத்துக்குள் அந்தப் பையை முன்னறை, பின்னறை என்று பிரிக்கிறது. முன்னறை சிறுநீருக்கு, பின்னறை மலத்துக்கு. கருப்பையும் யோனியின் மேற்பகுதியும் வேறொரு கதை: இடமும் வலமுமாக இரண்டு குழாய்கள் இறங்கிவந்து நடுவில் ஒட்டி ஒன்றாகின்றன. தடுப்பு பாதியில் நின்றுபோன குழந்தைகளில் பலருக்கு அந்த ஒட்டுதலும் பாதியில் நின்றிருக்கும். அப்போது இரண்டு கருப்பை, நடுவில் சுவர் வைத்த இரண்டு யோனி. சினைப்பைகள் மட்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

இந்த வாரக்கணக்கை நான் மாமியார்களுக்காகச் சொல்கிறேன். தடுப்பு இறங்கும் அந்த நாட்களில் தாய்க்கு நாள் தள்ளிப்போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். சிலர் கர்ப்பம் என்று வீட்டில் வாய்திறந்து சொல்லியிருக்கவே மாட்டார்கள். அதற்குப் பிறகு வந்த கிரகணத்தில் அவள் வெளியே போனாளா, பப்பாளி தின்றாளா, வளைகாப்புக்கு முன்பே ஆற்றைக் கடந்தாளா என்று கேட்பதெல்லாம் வீண். பெரும்பாலும் இது குடும்பத்தில் தனி ஒரு குழந்தைக்கு மட்டுமே நேர்கிறது. தாய் செய்த எதனாலும் வந்ததில்லை. என் வார்டில் இதை நான் தாயிடம் சொல்வதில்லை, வீட்டில் அவளைவிட மூத்த பெண்மணி யாரோ அவரைக் கூப்பிட்டு, தாய் கேட்கும்படியாக அவரிடம் சொல்வேன்.

பிரசவ அறைக்கு வருவோம். குழந்தை பிறந்ததும் துடைக்கிறோம், எடை போடுகிறோம், கையில் பட்டை கட்டுகிறோம், ஆணா பெண்ணா என்று பார்க்கிறோம். பெண் என்று தெரிந்ததும் துணியைச் சுற்றிவிடுகிறோம். அங்கேதான் தவறுகிறது. ஆணா பெண்ணா என்று பார்க்கும் பார்வை அரை வினாடி. வாசல்களை எண்ணிப் பார்க்கும் பார்வைக்கு ஒரு நிமிடம் வேண்டும். இரண்டு கால்களையும் மடக்கி வயிற்றோடு சேர்த்து, நல்ல வெளிச்சத்தில், உதடுகளை மெல்ல விலக்கிப் பார்க்கவேண்டும். நாங்கள் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துத்தான் சூடு பார்க்கச் சொல்வார்கள். அந்தச் சாக்கில் வாசல் இருப்பது உறுதியாகிவிடும். இப்போது அக்குளில் வைக்கிறோம். அது நல்லதுதான், குடல் கிழியும் ஆபத்து இல்லை. ஆனால் கை தானாகச் செய்துகொண்டிருந்த அந்தச் சோதனையை இனி கண் வேண்டுமென்றே செய்தாகவேண்டும்.

எண்ணினால் என்ன தெரியும்? மூன்று இருந்தால் நிம்மதி. ஆனாலும் ஆசனவாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தெரிந்தால், சிறுநீர்த் துவாரமும் யோனியும் இருந்து, யோனியின் வாயோரத்தில் சின்ன ஓட்டை வழியாக மலம் வரும் வேறொரு குறையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்கு வைத்தியம் எளிது. ஒன்றே ஒன்றுதான் என்றால் அது கூடுதுறை. ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், நோய் பிடிபட்டது. பழைய மருத்துவச்சிகள் காட்டுப்பீ என்று சொல்லும் அந்தக் கரும்பச்சை முதல் மலமும் சிறுநீரும் ஒரே இடத்திலிருந்து வந்து துணியில் படிந்தால் சந்தேகமே இல்லை. இந்தக் காலத்தில் இத்தனை எளிதாகக் கண்ணால் கண்டுபிடிக்கக்கூடிய பெரிய நோய் வேறு எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருந்தும் ‘மலம் யோனி வழியாக வருகிறது’ என்று எழுதிய கடிதங்களோடு குழந்தைகள் வந்துகொண்டே இருந்தன. உண்மையில் அப்படி யோனிக்குள் மட்டும் மலக்குடல் திறப்பது மிக மிக அரிது. அப்படி எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். இதனால் வரும் கெடுதல் சின்னதல்ல. மலக்குடலை மட்டும் பிரித்துக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு, மற்ற இரண்டும் ஒன்றாகவே கிடக்க, பல வருஷம் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்த பெண்கள் உண்டு.

இன்னொரு கொடுமையையும் சொல்லியாகவேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு வெளி உறுப்பு சிறுத்து, தோல் மடிந்து, சில சமயம் ஆண்குறி போலவே தோன்றும். ‘ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை’ என்று யாராவது ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அந்த வார்த்தை ஊர் போய்ச் சேர்ந்துவிடும். குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்முன் தெருவே முடிவு செய்திருக்கும். இவள் பெண். குரோமோசோம் பெண்ணுக்குரியது, சினைப்பை இருக்கிறது. வாசல் ஒன்றாக இருப்பதற்கும் பால் மயங்குவதற்கும் சம்பந்தமில்லை.

கண்டுபிடித்தபின் முதல் ஒரு நாளில் செய்யவேண்டியவை அதிகமில்லை. பால் கொடுக்காமல் டிரிப் ஏற்றி, மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டு, உடம்புச் சூடு குறையாமல் அனுப்பவேண்டும். வந்த இடத்தில் சிறுநீரகம், இதயம், முதுகுத்தண்டு, உணவுக்குழாய் எல்லாவற்றையும் பார்ப்போம். ஒரு இடத்தில் பின்னல் தவறிய துணியில் இன்னொரு இடத்திலும் தவறியிருக்கும். முதுகுத்தண்டை முதல் மூன்று மாதத்துக்குள் சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவிடலாம். அதன்பின் எலும்பு கெட்டிப்பட்டு மறைத்துவிடும், எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு குழந்தை வயிறு உப்பி வந்தாள். மலம் போகாத உப்பல் என்று எண்ணி, வயிற்றில் குடலை வெளியே எடுத்து வைக்கும் கொலாஸ்டமி அறுவையை அன்றிரவே செய்தேன். மலம் வந்தது. உப்பல் முழுசாக வடியவில்லை. இரண்டு நாளில், சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியது. என் மூத்தவர் ரவுண்ட்ஸ் வந்தார், கையை அடிவயிற்றில் வைத்தார். அவர் கை வைத்த இடத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய உருண்டை. “இது என்னம்மா?” என்றார். சிறுநீர்ப்பை என்றேன். “சிறுநீர்ப்பைக்குப் பின்னால என்ன இருக்கு?” என்றார். எனக்குச் சுரீரென்றது. யோனி. வெளியே போகவேண்டிய சிறுநீர் பின்னோக்கி யோனிக்குள் போய்த் தேங்கி, அது பலூன் போல வீங்கி, சிறுநீரகத்திலிருந்து வரும் இரண்டு குழாய்களையும் மிதித்துக்கொண்டிருந்தது. இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது இருக்கும். ஒரு சின்னக் குழாய் போட்டு அதை வடியவிட்டோம். அடுத்த வாரம் ஸ்கேனில் சிறுநீரகங்களின் வீக்கம் இறங்கியிருந்தது. அந்தக் குழந்தை பிழைத்தாள். நானும் அந்த அம்முச்சியின் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாத மருத்துவர்களைப் போலத்தான், மூன்றாவது ஆற்றை மறந்திருந்தேன்.

கொலாஸ்டமியைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் ஜனங்கள் இதை ‘பை வைத்தல்’ என்கிறார்கள். குடலை இடது பக்கம், இறங்கு குடலின் அடியில் வெட்டி, இரண்டு முனைகளையும் தள்ளித் தள்ளி வெளியே வைக்கவேண்டும். அப்போதுதான் மலம் கீழ்ப்பகுதிக்குள் புகுந்து சிறுநீரில் கலக்காது. ரொம்பக் கீழே வைத்தால் பிறகு புது ஆசனவாய்க்கு இழுத்துவரக் குடல் போதாது. ரொம்ப மேலே வைத்தால், கூடுதுறையிலிருந்து சிறுநீர் பின்னேறி நீளமான குடலுக்குள் போய் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் அமிலம் ஏறும். அவசரத்தில் நள்ளிரவில் செய்யும் அறுவை என்பதால் இதை இளையவர்களிடம் விட்டுவிடுவது வழக்கம். பின்னால் வரும் எட்டு மணிநேர அறுவையின் பாதி வெற்றி அந்த நள்ளிரவில் தீர்மானமாகிறது.

பிறந்த குழந்தையின் வயிற்றில் ஒட்டும் அளவுக்குச் சின்னப் பை கடையில் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் ஏழைக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. நம் தாய்மார்கள் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்து வைத்து, மேலே நாடா கட்டிவிடுவார்கள். தோல் வெந்துபோகாமல் துத்தநாகக் களிம்பு. நனைந்தால் உடனே மாற்றவேண்டும், அவ்வளவுதான். ஒரு தாய் கிழித்த துணிகளை எண்ணி வைத்திருந்தாள். ஒரு நாளைக்குப் பதினாறு.

இப்போது அந்தப் பெரிய அறுவை. இங்கே கொஞ்சம் நின்று பேச ஆசை. 1950களில் மெல்போர்னில் டக்ளஸ் ஸ்டீபன்ஸ் என்பவர் இறந்த குழந்தைகளின் உடலை அறுத்து ஆராய்ந்து, மலத்தை அடக்கும் தசை எங்கே எப்படிச் சுற்றியிருக்கிறது என்று எழுதினார். அதன்பின் முப்பது வருஷம் அறுவை மருத்துவர்கள் அந்தத் தசையை நேரில் பார்க்காமல், விரல் நுனியால் தடவி, அதன் வளையத்துக்குள் குடலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணைக் கட்டி ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி. இங்கும் அதே கதைதான் பாருங்கள், யாரும் திறந்து பார்க்கத் துணியவில்லை. நடுவில் வெட்டினால் தசை கெட்டுவிடும், பிள்ளை ஆயுளுக்கும் மலம் அடக்க முடியாமல் போகும் என்று பயம்.

மெக்சிகோ நகரத்தில் அல்பெர்ட்டோ பென்யா என்பவர் ஒவ்வொரு அறுவையிலும் கீறலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போனார். அமெரிக்காவிலிருந்து பீட்டர் டி வ்ரீஸ் வந்து சேர்ந்துகொண்டார். 1980 ஆகஸ்டில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பை உயர்த்தி, முதுகெலும்பின் அடிநுனியிலிருந்து நட்ட நடுவில் திறந்தார்கள். மின்தூண்டல் கருவியால் தசையைத் தொட்டுத் தொட்டு, எது இடம் எது வலம் என்று சுருங்கும் விதத்தைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். நரம்புகள் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. சரியாக நடுவிலேயே போனால் ஒன்றும் அறுபடாது. தென்னங்கீற்றை நடு ஈர்க்கில் பிளப்பது போலத்தான். 1982இல் கட்டுரைகள் வந்தன. கூடுதுறைக் குறைக்கும் அதே வழியில், கீறலை முன்பக்கம் நீட்டி, மூன்று பாதைகளையும் கண்ணெதிரே பிரிக்க முடிந்தது. அதே காலத்தில் பாஸ்டனில் ஹார்டி ஹென்ட்ரன் என்பவரும் இந்தக் குழந்தைகளுக்கென்றே பெயர் பெற்றிருந்தார். விடிய விடிய நின்று அறுவை செய்வார். அவருடைய பட்டப்பெயரே ‘மனுஷனே இல்லை’ என்ற பொருளில் அவர் பெயரோடு எதுகையாக வரும். இந்தக் குறையோடு பிறந்த ஒரு குழந்தைக்கு அவர் செய்த அறுவையை மையமாக வைத்து ஜி. வேய்ன் மில்லர் என்ற பத்திரிகையாளர் 1993இல் ஒரு புத்தகமே எழுதினார்.

மூன்றில் மலக்குடலைப் பிரிப்பது எளிது. யோனியையும் சிறுநீர்ப் பாதையையும் பிரிப்பதுதான் உயிரை வாங்கும். ஈரமான இரண்டு அப்பளங்கள் ஒட்டிக்கொண்டது போல நடுவில் மெல்லிய சுவர். பிரிக்கப் பிரிக்க ரத்த ஓட்டம் போய்விடும். 1997இல் பென்யாவே இதற்கு ஒரு வழி சொன்னார்: ஏன் பிரிக்கவேண்டும், இரண்டையும் சேர்த்தே ஒரே பாகமாகச் சுற்றிலும் தளர்த்திக் கீழே இழுத்துவந்து வைத்துவிடலாமே என்று. பல மணிநேர வேலை பெரிதும் குறைந்தது. எனக்கு அந்த யோசனையில் பிடித்ததே அதன் சோம்பேறித்தனம்தான்.

எல்லாக் குழந்தைக்கும் இது செல்லாது. மூன்றும் கூடிய அந்தப் பொதுக்குழாயின் நீளம்தான் தலையெழுத்து. 3 சென்டிமீட்டருக்குள் என்றால் கீழிருந்தே பெரும்பாலும் முடித்துவிடலாம், பின்விளைவும் நல்லபடி இருக்கும். அதற்கு மேல் என்றால் வயிற்றையும் திறக்கவேண்டி வரலாம். யோனி எட்டாவிட்டால் குடலில் ஒரு துண்டை எடுத்து அதன் இடத்தில் வைக்கவேண்டும். பிறகு சிறுநீர் தானாகப் பிரிவதும் சந்தேகம். அதனால் கத்தியை எடுக்கும் முன் எண்டோஸ்கோப் விட்டு அளந்து, சாயம் செலுத்திப் படம் எடுத்துவிடுவோம். ‘பிள்ளைக்கு எத்தனை சென்டிமீட்டர்?’ என்று கேட்கத் தெரிந்த தகப்பன் எனக்கு ஆயுளில் ஒரே ஒருவர் கிடைத்தார், அவர் தறி ஓட்டுபவர்.

அறுவைக்குப் பின் இரண்டு வாரத்தில் புது ஆசனவாயை விரிக்கும் பயிற்சி. உலோகக் குச்சியால் நாளுக்கு இரண்டு முறை தாய் செய்யவேண்டும், வாரா வாரம் ஒரு அளவு ஏறும். அது முடிந்தபின் பையை மூடுவோம். பிறகு வருவது மலச்சிக்கல். இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் நன்றாக இருந்தால் பெரும்பாலோர் வளர வளரக் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். இல்லாதவர்களுக்கு நாளுக்கு ஒரு முறை எனிமா கொடுத்துக் குடலைச் சுத்தமாக வைத்துவிட்டால் பள்ளியில் பாவாடை நனையாது. சிறுநீர் பிரியாதவர்களுக்கு நாலு மணிக்கு ஒரு தரம் சின்னக் குழாய் விட்டு எடுத்துவிடுவது. 1970களின் தொடக்கத்தில் மிச்சிகனில் ஜாக் லாபிடெஸ் சொன்ன இந்த வழிக்குக் கிருமியற்ற கையுறைகூட வேண்டாம், கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும். ஏழு வயதுப் பெண் தானே செய்துகொள்வாள். பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருந்தால். அது இல்லாததால் பள்ளியை விட்ட பெண்ணை எனக்குத் தெரியும்.

இதே குறையோடு பிறந்த பதின்மூன்று வயதுப் பெண் இன்னொருத்தி. மாதா மாதம் நாலு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். உள்ளூர் மருத்துவமனையில் அல்சருக்கு மாத்திரை, பூச்சிக்கு மருந்து, கடைசியில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது ஸ்கேனில் யாரோ கருப்பை என்று எழுதினார்கள். எங்களிடம் வந்தாள். மார்பு வளர்ந்திருந்தது, பூப்பு வரவில்லை. வெளியே வழியில்லாமல் தீட்டு உள்ளேயே சேர்ந்து கருப்பை உருண்டிருந்தது. அவளுக்கு இரண்டு கருப்பை. பிள்ளைப் பருவத்தில் அறுவை செய்தவர்கள் ஒன்றைத்தான் யோனியோடு சேர்த்திருந்தார்கள் போலும், அதிலும் வாய் சுருங்கியிருந்தது. ‘அப்போ என்ன ஆபரேஷன் செஞ்சாங்க?’ என்று தாயைக் கேட்டேன். மஞ்சப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, செலோடேப் ஒட்டி, பதினோரு வருஷம் ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருந்த சீட்டு. அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி: கொலாஸ்டமி மூடப்பட்டது, குழந்தை நலம்.

இரண்டு கருப்பை என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது. பூப்பெய்தும் வயதுக்கு முன், மார்பு அரும்பும்போதே, கருப்பைக்கு வெளியே வழி இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் பார்த்தாகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அத்தையும் சித்தியும் ‘இன்னும் சடங்கு வைக்கலியா’ என்று கேட்டபோதெல்லாம் அவள் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அந்தப் பெண் என்னைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்றாள். “எனக்கு என்ன ஆச்சுன்னு எங்கம்மா சொல்லவே மாட்டேங்கிறாங்க. கீழ தையல் எதுக்கு? குளிக்கும்போது தொட்டா தெரியுது” என்றாள். முதல் தடவையாக ஒரு பிள்ளைக்கு அவளுடைய உடம்பின் கதையை அன்று நான் தாளில் வரைந்து சொன்னேன். முக்கால் மணிநேரம் ஆயிற்று. ஓ.பி.யில் காத்திருந்தவர்கள் கத்தினார்கள்.

கல்யாணம் ஆகுமா, பிள்ளை பிறக்குமா என்பதுதான் எல்லாத் தாய்க்கும் கடைசிக் கேள்வி. நேராகச் சொல்கிறேன். பலருக்கு ஆகும். யோனியின் வாய் சுருங்கியிருந்தால் வளர்ந்தபின் சின்ன அறுவையால் விரிக்கலாம். கருத்தரித்தவர்கள் உண்டு. பிரசவம் சிசேரியன் மூலமாகவே நடக்கவேண்டும், இல்லாவிட்டால் பிரித்துக் கட்டிய மூன்று பாதையும் கிழியும். சிறுநீரகம் கெடாமல் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல் நிபந்தனை. எந்த வயதிலும் அதை ஆண்டுக்கொரு முறை பார்க்கவேண்டும்.

அரசுத் திட்டம் பற்றி ஒரு வரி. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறந்த குழந்தைகளைப் பிரசவ இடத்திலேயே பரிசோதிக்கச் சொல்கிறது. அது பட்டியலிட்ட 30 நிலைகளில் பிறவிக்குறைகள் 9. உதட்டுப் பிளவு உண்டு, வளைபாதம் உண்டு, கண்புரை உண்டு. ஆசனவாய்க் குறை அதில் இல்லை. முகத்திலும் காலிலும் தெரிவது பட்டியலில் ஏறியிருக்கிறது, துணிக்குள் இருப்பது ஏறவில்லை. இதைச் சேர்க்கச் செலவு கிடையாது. ஏற்கெனவே குழந்தையைத் தலை முதல் கால் வரை பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ‘வாசல்களை எண்ணு’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எழுதிக் கேட்டிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

இன்னொரு வேண்டுகோள் என் சக மருத்துவர்களுக்கு. மண்டபத்துக்கு வெளியே மேசையில் ஒரு தாள் அடுக்கி வைத்திருக்கிறேன். ஒரே பக்கம், தமிழில். பிறக்கும்போது எத்தனை வாசல், பொதுக்குழாய் எத்தனை சென்டிமீட்டர், யோனி எத்தனை, கருப்பை எத்தனை, சிறுநீரகம் எப்படி, முதுகுத்தண்டு எப்படி, எந்தத் தேதியில் என்ன அறுவை, என்ன மிச்சம் இருக்கிறது, பெண் பூப்பெய்தும் முன் என்ன பார்க்கவேண்டும் என்று கட்டங்கள் போட்டிருக்கிறது. மருத்துவர் நிரப்பித் தாயிடம் கொடுக்கவேண்டும். கடைசிக் கட்டத்தில், ‘இதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டிய நாள்’ என்று இருக்கும். அதைத் தாய் நிரப்பவேண்டும். 200 படிகள் இருக்கின்றன. பிரசவ வார்டில் வேலை செய்பவர்கள் ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று சுவரில் ஒட்ட.